சர்வர் இழுக்கிறதா? புதுசு வாங்கும் முன் அளந்து பாருங்கள்

ஆம்பூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை பக்கத்துத் தோல், ஷூ கம்பெனிகளில் டிசைன், பேக்கிங் லிஸ்ட், டேலி கணக்கு எல்லாம் பெரும்பாலும் ஒரே ஃபைல் சர்வரில்தான் கிடக்கின்றன. அது இழுக்க ஆரம்பித்தால், "மெஷின் பழசு சார், மாத்திடலாம்" என்பதுதான் விற்பவரின் முதல் வார்த்தை. அவசரப்படாதீர்கள்.

இரண்டு மூன்று ஜிபி உள்ள ஒரு ஃபைலை சர்வரிலிருந்து காப்பி செய்து பாருங்கள். விநாடிக்கு 100 எம்பி அளவில் வந்தால் லைன் சரி. 11, 12 எம்பியிலேயே நின்றால் கிகாபிட் இணைப்பு பத்தில் ஒன்றாக இறங்கிவிட்டது என்று அர்த்தம். கேபிளில் எட்டுக் கம்பிகள். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும், 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கு போதும். மற்ற நான்கில் ஒன்றை எலி கடித்தால் இணைப்பு போகாது, வேகம்தான் போகும். நம் ஊருக்கென்றே இன்னொரு தொல்லை உண்டு. தோலில் முடி நீக்கப் போடும் சோடியம் சல்பைடிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் அதுதான். அது செம்பையும் வெள்ளியையும் அரித்துவிடும். சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் நெட்வொர்க் ஸ்விட்சை மாட்டாதீர்கள்.

லைன் சரியென்றால் அடுத்த சந்தேகம் ஹார்டு டிஸ்க். வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசை டிஸ்க்குகள் சிலவற்றில் எஸ்எம்ஆர் முறை இருப்பதை வாங்குபவரிடம் சொல்லாமலே விற்றது 2020 ஏப்ரலில் வெளியே வந்தது. அமெரிக்காவில் வழக்கும் நடந்தது. எஸ்எம்ஆரில் தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். தொடர்ந்து எழுதினால் திணறிவிடும். தடங்கள் அப்படி ஏறாத வகைக்குப் பெயர் சிஎம்ஆர். பில்லில் மாடல் எண்ணோடு 'சிஎம்ஆர்' என்றும் எழுதி வாங்குங்கள்.

சொன்னது ஒன்று, கொடுத்தது வேறு என்றால்? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வியாபாரத்துக்கு வாங்கியவரை நுகர்வோராக ஏற்பதில்லை. ஆனால் சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியவருக்கு விலக்கு உண்டு. சின்னதாக ஜாப் ஒர்க் எடுத்துச் செய்பவர் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பெரிய கம்பெனிகளுக்கு ஒப்பந்தக் காகிதமே பாதுகாப்பு. பழுதென்றால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வர வேண்டும் என்பதைப் பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

பயப்பட வேண்டியது திடீர் மந்தத்துக்குத்தான். நேற்றுவரை ஓடிய சர்வர் இன்று படுத்து, ஃபைல் பெயர்களும் மாறியிருந்தால் அது ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேராக இருக்கலாம். 2022 ஜனவரியில் டெட்போல்ட் கும்பல், இன்டர்நெட்டுக்கு நேராகத் திறந்து வைத்திருந்த க்யூநாப் நிறுவனத்தின் ஃபைல் சர்வர் பெட்டிகளை இப்படித்தான் பூட்டியது. உடனே நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ 1930 என்ற உதவி எண்ணிலோ தெரிவியுங்கள். இத்தகைய தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குக் கம்பெனி சொல்லியாக வேண்டும் என்பது 2022 முதல் உள்ள உத்தரவு.

பல டிஸ்க்குகளைச் சேர்த்து ரெய்டு போட்டிருக்கிறோமே என்று இருந்துவிடாதீர்கள். ஒரு டிஸ்க் செத்தால் அது காப்பாற்றும். பூட்டப்பட்ட ஃபைலை மீட்காது. தினமும் பேக்கப் எடுங்கள், ஒரு பிரதியைச் சர்வரிலிருந்து கழற்றித் தனியே வையுங்கள்.