உப்பிய பேட்டரிக்குக் ‘கடைசியாக ஒரு சார்ஜ்’ வேண்டாம்

செல்போனை மேசைமேல் மல்லாக்க வைத்து ஓரத்தைத் தட்டினால் பம்பரமாகச் சுற்றுகிறதா? பின்மூடி ஒரு பக்கம் வாய் பிளந்திருக்கிறதா? உள்ளே பேட்டரி உப்பிவிட்டது. அந்த நிமிடமே சார்ஜரைக் கழற்றுங்கள்.

கொல்லிமலைக்காரர்களுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. நல்ல சர்வீஸ் சென்டர் வேண்டுமென்றால் 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, காரவள்ளி தாண்டி நாமக்கல் போகவேண்டும். ‘சந்தைக்குப் போறப்ப பாத்துக்கலாம், அதுவரைக்கும் ஓடட்டும். போட்டோவையாவது எடுத்துக்கலாம்’ என்று மறுபடி சார்ஜ் போடுகிறோம். ஆபத்து அதில்தான் இருக்கிறது.

லித்தியம் அயான் பேட்டரிக்குள் இருக்கும் திரவம் சிதைந்து வாயுவாவதால்தான் பேட்டரி உப்புகிறது. பழசாவது, சூடு, தரமில்லாத சார்ஜர் ஆகியவை காரணம். மலைக்குளிர் நம்மைக் காப்பாற்றாது. குளிருக்குப் போர்வைக்குள் வைத்து விடிய விடிய சார்ஜ் போட்டால் சூடு வெளியேற வழியில்லை. ஊக்கால் குத்திக் காற்றை இறக்குவது கொடிய தவறு. உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும், புகையும் நச்சு.

போட்டோவும் நம்பர்களும் பேட்டரியில் இல்லை, போர்டில் உள்ள மெமரி சிப்பில் இருக்கின்றன. புது பேட்டரி போட்டால் பெரும்பாலும் அப்படியே திரும்பக் கிடைக்கும். போன் சூடில்லாமல், ஏற்கெனவே சார்ஜ் இருந்தால் மட்டும் வைஃபை வழியாக கூகுள் கணக்கில் ஏற்றுங்கள். கணினியில் கேபிள் செருகாதீர்கள். அதுவும் சார்ஜ் ஏற்றும். பிறகு அணைத்து, சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள். கடைக்காரரிடம், ‘டேட்டா வேணும், ரீசெட் போடாதீங்க’ என்று முதலிலேயே சொல்லுங்கள்.

அணைத்த போனை, உலர்ந்த மணல் போட்ட இரும்புச் சட்டியில், இறுக மூடாமல், வைக்கோலுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். சட்டைப் பையில் போட்டு மலை இறங்காதீர்கள். கூட்டமான பஸ்ஸும் வேண்டாம். சூடாகிச் சீறினாலோ புகைந்தாலோ எல்லாரும் வெளியேறி 112-ஐ அழையுங்கள்.

2007 ஆகஸ்டில் நோக்கியா நிறுவனம், மட்சுஷிட்டா தயாரித்த 4.6 கோடி பிஎல்-5சி பேட்டரிகள் சூடாகக்கூடும் என்று அறிவித்து, இலவசமாக மாற்றித் தந்தது. குறை தயாரிப்பில் என்றால் பொறுப்பும் தயாரித்தவருடையதே. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. வாரண்டிக்குள் உப்பினால், ‘கீழே போட்டிருப்பீங்க’ என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். போட்டோ எடுத்து, பில்லைக் காட்டி, மறுப்பை ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள். நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துத் தமிழிலேயே புகார் சொல்லலாம். தீராவிட்டால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. பொருளை வாங்கிய ஊருக்கே போகவும் வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.

கழற்றிய பேட்டரியை வீட்டுக்குக் கொண்டுவந்து குப்பையோடு கொளுத்தாதீர்கள். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெறுவது தயாரிப்பாளரின் கடமை. சர்வீஸ் சென்டரிலேயே கொடுத்துவிட்டு மலை ஏறுங்கள்.