மலையேற ஒரு சிப்
பிக்-அப் டிரக்கின் மூளையைத் திருத்தினால் இழுவை கூடுகிறது. ஆசை அளவு மீறினால் இன்ஜினும் கெடுகிறது, காற்றும் கெடுகிறது.

அமெரிக்காவின் டென்வர் நகரிலிருந்து மேற்கே செல்லும் ஐ-70 நெடுஞ்சாலை, ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையில் 11,000 அடி உயரத்தைத் தாண்டுகிறது. நான்கு டன் குதிரை டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஏறும் பிக்-அப் டிரக்குக்கு அது அக்கினிப் பரீட்சை. ஆட்டோமேடிக் கியர் ஏறுவதா இறங்குவதா என்று தடுமாறும். ஒவ்வொரு தடுமாற்றத்திலும் கியர்பாக்ஸின் எண்ணெய் கொதிப்பேறும்.

இதற்கு மருந்தாக வந்ததுதான் 'பெர்ஃபாமன்ஸ் சிப்'. 1994இல் ஃபோர்டு நிறுவனம் தன் பெரிய பிக்-அப்களில் 7.3 லிட்டர் 'பவர் ஸ்ட்ரோக்' டீசல் இன்ஜினைப் பொருத்தியது. அதில் எவ்வளவு டீசலை, எந்தக் கணத்தில் பீச்சுவது என்று தீர்மானிப்பது ஒரு கம்ப்யூட்டர். கியரை மாற்றுவதும் அதுவே. அதன் பின்புறம் ஓர் இணைப்பு வாய் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் சிப்பை அங்கே செருகினால், தொழிற்சாலை எழுதிய கட்டளைகளுக்குப் பதிலாக சிப்பின் கட்டளைகள் ஓடத் தொடங்கும். இணைப்பின் மேல் பூசப்பட்ட பாதுகாப்புப் பூச்சைச் சுத்தமாகச் சுரண்டி எடுக்காவிட்டால் ஓடும் வண்டி நடுவழியில் நின்றுவிடும்.

பலரும் குதிரை சக்தியைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் பாரம் இழுப்பவருக்கு உண்மையான லாபம் கியரில் இருக்கிறது. கியர்பாக்ஸுக்குள் எண்ணெயின் அழுத்தத்தை சிப் கூட்டுகிறது. கிளட்ச் தட்டுகள் வழுக்காமல் சட்டென்று பிடிக்கின்றன. இன்ஜினையும் கியரையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் சரியான வேகத்தில் பூட்டிக்கொள்கிறது. வழுக்கல் குறைந்தால் சூடு குறையும். சூடு குறைந்தால் கியர்பாக்ஸின் ஆயுள் கூடும்.

ஆபத்தும் அதே சிப்பில்தான். பல சிப்களில் ஒரு திருகு சுவிட்ச் உண்டு: ஒன்று இழுவைக்கு, இன்னொன்று வேகத்துக்கு. பாரத்தோடு வேக அமைப்பில் மலையேறினால் டீசல் அளவுக்கு மீறிப் பாய்கிறது. புகைக்குழாயின் வெப்பம் 1,250 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது சுமார் 677 டிகிரி செல்சியஸைத் தாண்டி நீடித்தால் அலுமினிய பிஸ்டன் உருகக்கூடும். விவரம் தெரிந்தவர்கள் சிப்புக்கு முன்பே வெப்பமானியை வாங்கிப் பொருத்துகிறார்கள்.

இன்னொரு மயக்கமும் உண்டு. சிப் போட்ட வண்டி அதிகப் பாரம் இழுக்கலாம் என்று நினைப்பது தவறு. பிரேக், அச்சு, டயர், டிரெய்லர் கொக்கி எல்லாம் பழையவையே. ஏறுவதற்கு உதவும் சிப், இறங்கும்போது வண்டியை நிறுத்த உதவாது. தயாரிப்பாளர் விதித்த எடை வரம்பு மாறுவதில்லை.

ஃபோர்டு பிக்-அப்களில் 7.3 பவர் ஸ்ட்ரோக்கின் காலம் 2003இல் முடிந்தது. புதிய டீசல் வண்டிகளில் சிப் செருகத் தேவையில்லை; டாஷ்போர்டின் கீழுள்ள பரிசோதனை இணைப்பு வழியாகவே கம்ப்யூட்டரில் புதிய புரோகிராமை ஏற்றிவிடலாம். இங்கேதான் சட்டம் குறுக்கிடுகிறது. சக்திக்காகப் பலர் புகை வடிகட்டிகளையே கழற்றி எறிந்தனர். முந்தைய பத்தாண்டுகளில் 5,50,000க்கும் மேற்பட்ட டீசல் பிக்-அப்களில் இது நடந்ததாக அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020இல் கணக்கிட்டது. அவை தம் ஆயுட்காலத்தில் கூடுதலாகக் கக்கும் நைட்ரஜன் ஆக்சைடு 5,70,000 டன்னுக்கும் அதிகம். ஒழுங்கான 90 லட்சம் டீசல் பிக்-அப்களைப் புதிதாகச் சாலையில் இறக்கிவிட்டதற்குச் சமம் அது.

கலிஃபோர்னியாவில் காற்று வாரியத்தின் அனுமதி எண் பெற்ற கருவியைத்தான் சாலை வண்டியில் பொருத்தலாம். வாங்குபவர் குதிரை சக்தியைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.