ரிட்ஸ் என்ற பெயரும் ‘ரிட்ஸி’ என்ற சொல்லும்

அமெரிக்க ஆங்கிலப் பேச்சுவழக்கில் 1920ஆம் ஆண்டளவில் புழக்கத்துக்கு வந்த ‘ரிட்ஸி’ என்ற சொல், கண்ணைப் பறிக்கும் நேர்த்தியை, அதாவது செல்வச் செழிப்பை நாலு பேர் பார்க்கும்படி வெளிக்காட்டும் அழகைக் குறிக்கிறது. ஓட்டல், உடை, விருந்து, குடியிருப்புப் பகுதி ஆகியவற்றுக்கு அடைமொழியாக வரும்போது பெரும்பாலும் பாராட்டாகவே ஒலிக்கும் அச்சொல், ஒரு மனிதரைக் குறிக்கும்போது ‘பந்தா பேர்வழி’ என்ற கசப்பையும் சேர்த்துக்கொள்கிறது.

இச்சொல்லுக்கு மூலமான சேசார் ரிட்ஸ், 1850இல் சுவிட்சர்லாந்தின் நீடர்வால்ட் என்ற மலைக்கிராமத்தில் உழவர் குடும்பத்தின் பதின்மூன்றாவது பிள்ளையாகப் பிறந்து, ஓட்டல்களில் எடுபிடி வேலை பார்த்து, லண்டன் சவாய் ஓட்டலின் மேலாளராக உயர்ந்து, 1898இல் பாரிஸ் நகரின் வாந்தோம் சதுக்கத்தில் தம் பெயரிலேயே ஓட்டல் திறந்தவர். அவர் அங்கே செய்தவற்றைக் கூர்ந்து பார்ப்பவருக்குப் பகட்டைவிடத் தூய்மையே முதலில் கண்ணில் படும். தூசி தங்கும் கனத்த திரைகளையும் சுவர்த்தாள்களையும் விலக்கி, சுவர்களுக்குக் கழுவித் துடைக்கத்தக்க வண்ணம் பூசி, மரக்கட்டில்களுக்குப் பதிலாகப் பித்தளைக் கட்டில்களைப் போட்டு, அறையோடு இணைந்த குளியலறைகளையும் அவர் அமைத்தார். மின்விளக்கு புதிதாக இருந்த அக்காலத்தில் அதன் ஒளி பெண்களின் முகத்தை வெளிறச் செய்துவிடக் கூடாது என்பதற்காக, தம் மனைவி மரீயை உட்காரவைத்து, விளக்கின் மூடிகளை நிறம் மாற்றி மாற்றிப் பார்த்து, இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட ஆப்ரிகாட் நிறத்தை அவர் தேர்ந்தெடுத்தார். விருந்தினர் தாம் அழகாகத் தெரிவதை உணர்வார். அதற்கான காரணத்தை அறியமாட்டார். இந்த மறைந்த உழைப்பை ‘ரிட்ஸி’ என்ற சொல் தன்னுள் வாங்கிக்கொள்ளவே இல்லை என்பது வருந்தத்தக்கது.

காரணம், அச்சொல் உள்ளே தங்கியவர்களிடம் பிறந்ததன்று, வெளியே நின்று பார்த்தவர்களிடம் பிறந்தது. ‘புட்டிங் ஆன் தி ரிட்ஸ்’ என்ற தொடர், பகட்டாக உடுத்திப் பெரிய மனிதத் தோரணை காட்டுவதைக் குறிக்கும். அதையே தலைப்பாகக் கொண்டு இர்விங் பெர்லின் எழுதி 1929இல் வெளிவந்த பாட்டு, நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் லெனாக்ஸ் அவென்யூவில் சிங்காரித்து உலாவிய எளிய கறுப்பின மக்களைப் பற்றியது. ஃபிரெட் அஸ்டேர் ஆடிய ‘ப்ளூ ஸ்கைஸ்’ திரைப்படத்துக்காக 1946இல் பெர்லினே வரிகளை மாற்றி, பார்க் அவென்யூ செல்வந்தர்களைப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். எளியவர் உடுத்தினால் வேடமாகவும் வசதி படைத்தவர் உடுத்தினால் நாகரிகமாகவும் தோன்றும் நியாயமற்ற பார்வைக்கு, ஒரே தலைப்பின்கீழ் அமைந்த இவ்விரு வடிவங்களைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பொருளாதாரப் பெருமந்தம் நிலவிய 1934இல் நாபிஸ்கோ நிறுவனம் மலிவான உப்பு பிஸ்கட் ஒன்றுக்கு ரிட்ஸ் என்று பெயர் சூட்டியதும் இந்த வெளிப்பார்வையின் ஏக்கத்தை நம்பித்தான்.

அலுவல் கடிதங்களிலும் ஆய்வு நூல்களிலும் ‘ரிட்ஸி’ என்ற சொல் அரிதாகவே வரும். உணவகம், வீட்டுமனை, நவநாகரிக உடை ஆகியவை குறித்த செய்திப் பத்திகளிலும் அன்றாடப் பேச்சிலும் தாராளமாக வரும். ஒருவர் தம் வீட்டையே ‘ரிட்ஸி’ என்று சொல்லிக்கொள்வது வழக்கில் அரிது. பிறர் வீட்டைச் சொல்லும்போது அது வியப்பா குறையா என்பதைச் சொல்பவரின் குரலும் இடமுமே தீர்மானிக்கின்றன.