ஈறுக்குள் எட்டிப் பார்க்கலாம், வாங்க!

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடம் திருமுக்கூடல். வருகிறவர்கள் ஆற்றைப் பார்த்துவிட்டு, அப்பன் வெங்கடேசப் பெருமாளைச் சேவித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நாம் கோயில் சுவரருகே கொஞ்சம் நிற்போம். ஏனென்றால் அந்தச் சுவரில் ஓர் ஆஸ்பத்திரியின் கணக்கேடே இருக்கிறது!

1068 வாக்கில் வெட்டிய வீரராஜேந்திர சோழன் கல்வெட்டு அது. வீரசோழன் என்ற பெயரில் ஓர் ஆதுலர் சாலை, அதில் 15 படுக்கை. வைத்தியர் ஒருவர், சல்லியக்கிரியை, அதாவது அறுவை சிகிச்சை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர். மருந்துப் பட்டியலில் கடுக்காய் சேர்ந்த ஹரீதகி மருந்து மட்டுமே நான்கு வகை. பழைய நெய்யும் உண்டு. ராத்திரி விளக்குக்குக்கூடத் தனிக் கணக்கு! கத்தி வைத்தவரோடு நிறுத்தாமல், அதற்குப் பிறகு பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் நெல் அளந்திருக்கிறார்கள்.

ஈறு நோய்க்காரர்கள் எல்லோரையும் இந்தச் சுவர் முன்னால் கூட்டிவந்து நிறுத்த வேண்டும். ஈறுக்கு அடியில் செய்கிற ‘டீப் கிளீனிங்’ முடிந்ததுமே நோய் முடிந்தது என்று நினைப்பவர்கள்தானே நாமெல்லாம்?

சரி, இப்போது ஈறுக்குள்ளே போவோம். பல் டாக்டர் கையில் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே அதை மெதுவாக இறக்குகிறார். ஒரு பல்லைச் சுற்றி ஆறு இடம். 28 பல் என்றால் 168 அளவு. “மூணு, ரெண்டு, மூணு” என்று அவர் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதிக்கொண்டே போகிறார். மூன்று வரை நிம்மதி. “ஆறு, ரத்தம் வருது” என்றால் அங்கேதான் கூத்து நடக்கிறது.

அந்தக் கூத்தின் ரகசியம் இதுதான்: கிருமி வம்பை ஆரம்பித்து வைக்கிறதே தவிர, எலும்பைக் கரைப்பது பெரும்பாலும் நம் ஆட்களே! கிருமியை அடக்க ஓடிவரும் வெள்ளணுக்கள் கக்குகிற நொதிகள் பல்லைப் பிடித்திருக்கும் நார்களையும் சேர்த்தே அரிக்கின்றன. அழற்சி விடுகிற சமிக்ஞையைக் கேட்டு, எலும்பைத் தின்னும் செல்களும் விழித்துக்கொள்கின்றன.

இதற்கு அருமையான சாட்சி இலங்கை மலையகத்தில் இருக்கிறது. ஹரால்ட் லோ என்ற நார்வே ஆராய்ச்சியாளரின் குழு 1970இல் 480 தமிழ்த் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வாயைப் பார்க்கத் தொடங்கி, 15 ஆண்டு பின்தொடர்ந்தது. பிரஷ் பழக்கம் இல்லை. எல்லோர் வாயிலும் அழுக்கும் பற்காரையும். ஆனால் முடிவைப் பாருங்கள்! சுமார் 8 சதவீதம் பேருக்கு நோய் பாய்ந்தது; அந்த வகையினருக்கு 45 வயதுக்குள் பல்லே மிஞ்சவில்லை. 81 சதவீதம் பேருக்கு நிதானமாக நகர்ந்தது. 11 சதவீதம் பேருக்கு ஈறு வீங்கியதோடு சரி, மேலே போகவே இல்லை. அழுக்கு எல்லோருக்கும் பொதுவாக இருந்தும், அதற்கு உடம்பு காட்டிய பதில் ஆளுக்கு ஆள் வேறு.

அப்படியானால் சுத்தம் செய்த பிறகும் சில இடங்களில் வீக்கம் ஏன் தங்குகிறது? கல்யாணம் முடிந்தால் பந்தல் தானாக இறங்கிவிடுமா? ஆள் வந்து பிரிக்க வேண்டும். அழற்சியும் தானாக அடங்குவதில்லை. உடம்பு முனைந்து அடக்க வேண்டும். அந்த வேலைக்கென்றே ரிசால்வின் போன்ற மூலக்கூறுகள் உண்டு. மீன் எண்ணெயில் இருக்கிற ஒமேகா 3 கொழுப்பிலிருந்து உடம்பே அவற்றைச் செய்துகொள்கிறது. சர்க்கரை எகிறிக் கிடந்தால் இந்த அடக்கும் வேலை தடுமாறும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள ஆழமான பள்ளத்தில் கொஞ்சம் காரை மிஞ்சினாலும் போதும், கிருமிப் படலம் மறுபடி குடியேறிவிடும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2022இல் ஜார்ஜ் ஹாஜிஷெங்காலிஸ் என்ற ஆராய்ச்சியாளரின் குழு எலிகளில் பார்த்தது: ஈறு அழற்சியின் ஞாபகம் எலும்பு மஜ்ஜை வரை போய்ப் பதிகிறது! அங்கே பிறக்கிற புது வெள்ளணுக்களும் சண்டைக் குணத்தோடே வருகின்றன. மூட்டழற்சியைக்கூட அவை மோசமாக்கின.

சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ரத்தம் வரவில்லையே என்று குதிக்காதீர்கள். புகை ஈறில் ரத்தக் கசிவைக் குறைத்து நோயை மறைத்துவிடும்.

ஆகவே, “மூணு மாசம் கழிச்சு வாங்க” என்று டாக்டர் சொன்னால், பில் போடப் பார்க்கிறார் என்று முணுமுணுக்க வேண்டாம். அழற்சி அடங்கியதா என்று அன்றைக்குத்தான் தெரியும். அடங்காத பள்ளத்தை மறுபடி சுத்தம் செய்வார்கள்; தேவைப்பட்டால் ஈறைத் திறந்தும் பார்ப்பார்கள். நாற்காலியில் சாய்ந்ததும் நீங்களே கேளுங்கள்: “டாக்டர், போன தடவை ஆறு இருந்ததே, இப்போ எத்தனை?”