வலி நின்றபின் மாத்திரையை நிறுத்தலாமா?



நம் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸுக்கு வருகிறவர்களோடு ஜெபிக்கச் செல்லும்போது, அவர்களில் சிலருடைய கால்விரல்களும் முழங்கைகளும் முடிச்சு முடிச்சாக வீங்கியிருப்பதைக் காண்கிறேன். "எத்தனை வருஷமாக இப்படி?" என்று கேட்டால், "பத்துப் பன்னிரண்டு வருஷமாக விட்டுவிட்டு வருகிற வாயு, ஐயா" என்பார்கள். அது வாயு அல்ல. டாக்டர்கள் 'கவுட்' என்று சொல்லும் மூட்டுவாதம். தாங்குகிறவர்களாகிய நீங்கள் இதை அறிந்திருப்பது நல்லது. உங்கள் வீட்டிலேயே ஒருவருக்கு இருக்கலாம்.

யூரிக் அமிலம் என்னும் கழிவு எல்லாருடைய இரத்தத்திலும் உண்டு. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகங்கள் வெளியேற்றுகின்றன. 100 மில்லிக்கு 6.8 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டும்போது அது கரைந்திருக்க முடியாமல், ஊசிபோன்ற படிகங்களாக மூட்டுகளில் படியத் தொடங்குகிறது. பிறகு ஒரு நாள் இரவு கால் கட்டைவிரல் சிவந்து வீங்கும். மேலே போர்வை பட்டாலும் உயிர் போகும். ஒன்றிரண்டு வாரத்தில், சிகிச்சை இல்லாமலேயே வலி அடங்கிவிடும். மோசம் அங்கேதான். மாத்திரை சாப்பிட்டவரும் எண்ணெய் தேய்த்தவரும் சும்மா இருந்தவரும் குணமாகிவிட்டதாகவே எண்ணுகிறார்கள். படிகங்களோ மூட்டுக்குள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

வருஷங்கள் செல்லச்செல்ல வலி அடிக்கடி வரும். ஒரு விரலில் வந்தது கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் பரவும். சுமார் பத்து வருஷத்தில் காது மடலிலும் விரல்களிலும் முழங்கையிலும் கட்டிகள் எழும்பும். அவை உடைந்தால் சுண்ணாம்பு போன்ற வெள்ளைப் பொருள் வடியும். உள்ளே எலும்பும் அரிக்கப்பட்டு மூட்டு கோணிவிடும். சிறுநீரகத்தில் கல் உண்டாகும். யூரிக் அமிலக் கல் சாதாரண எக்ஸ்ரேயில் தெரிவதுமில்லை. கவுட் உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் மற்றவர்களைவிட அதிகமாக வருகின்றன. வலி வந்து போனபின் சுமார் 120 நாட்கள் இந்த ஆபத்து கூடுகிறது என்று 2022-ல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

இதற்கு மேல் நம் ஜனங்கள் தாங்களே சேர்த்துக்கொள்ளும் கேடு ஒன்று உண்டு. ஒவ்வொரு முறையும் மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வலி மாத்திரை வாங்கி, வருஷக்கணக்காக விழுங்குவது. ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகத்தை அது இன்னும் கெடுக்கிறது. சிறுநீரகம் கெட்டால் யூரிக் அமிலம் மேலும் ஏறும்.

ஏன் டாக்டரிடம் வருவதில்லை? பணம் ஒரு காரணம். வெட்கம் இன்னொன்று. கவுட் என்றால் குடிகாரன் வியாதி என்று ஊரில் ஒரு பேச்சு. குடி இதைக் கூட்டும் என்பது மெய்தான். ஆனாலும் பரம்பரையாலும், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில நீர் மாத்திரைகளாலும் வருகிறது. ஒரு சொட்டும் தொடாதவர்களுக்கும் வருகிறது. சபையார் என்ன நினைப்பார்களோ என்று காலை மறைத்து நடக்கிறவர்களை நான் அறிவேன். வேறு சிலர் ஆசா ராஜாவைக் காட்டுகிறார்கள். அவன் தன் ராஜ்யபாரத்தின் 39-ம் வருஷத்தில் கால்களில் வியாதிகண்டான் என்று 2 நாளாகமம் 16-ம் அதிகாரத்தில் பார்க்கிறோம். அது கவுட்தான் என்று கருதுகிற விளக்கவுரைகளும் உண்டு. வியாதியின் பெயரை வேதம் சொல்லவில்லை. வைத்தியரிடம் போனது அவன் குற்றம் அல்ல; கர்த்தரைத் தேடாததே குற்றம். இதைப் படுக்கையருகே எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன்.

மருந்து புதிதும் அல்ல, விலை அதிகமும் அல்ல. 1966 முதல் வழக்கத்தில் இருக்கும் அல்லோபுரினால் மாத்திரைதான் பெரும்பாலோருக்கு முதல் மருந்து. குறைந்த அளவில் தொடங்கி, இரத்தப் பரிசோதனை செய்துசெய்து, யூரிக் அமிலம் 6-க்குக் கீழே வரும்வரை டாக்டர் கூட்டுவார். பின்பு தொடர்ந்து சாப்பிடவேண்டும். 6-க்குக் கீழே நின்றால் பழைய படிகங்களும் மெல்லக் கரைந்துபோகும். தோலில் தடிப்போ கொப்புளமோ கண்டால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். ஆனால் முதல் சில மாதங்களில் வலி திரும்ப வரலாம். படிகங்கள் கரையும்போது அப்படி நேரிடும். இதை முன்னமே சொல்லாவிட்டால், "மாத்திரைதான் வலியைக் கொண்டுவந்தது" என்று எறிந்துவிடுவார்கள். பாதிப் பேரை நாம் இழப்பது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம்.

இங்கிலாந்தில் 517 பேரை வைத்து நடத்திய ஒரு சோதனையின் முடிவு 2018-ல் வெளியானது. நர்சுகள் உட்கார்ந்து விளக்கிச் சொல்லி, தொடர்ந்து விசாரித்துவந்த பிரிவில் இரண்டு வருஷத்துக்குப் பின் 100-க்கு 95 பேருக்கு யூரிக் அமிலம் குறித்த அளவுக்கு வந்திருந்தது. வழக்கமான முறையில் விடப்பட்டவர்களில் 30 பேருக்கு மாத்திரமே. இரு பிரிவினருக்கும் மருந்து கிடைக்கத்தான் செய்தது.

ஏழை நோயாளிகள் நிதிக்கு நீங்கள் அனுப்பும் காணிக்கை டயாலிசிஸுக்கு உதவுவதை அறிவீர்கள். மறுபடி வருகிறவரின் பஸ் கட்டணத்துக்கும், இரத்தப் பரிசோதனைக்கும், அவரோடு கால்மணி நேரம் பேசும் நர்சின் சம்பளத்துக்கும் அதில் ஒரு பங்கு செல்லவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது கட்டைவிரல் வீங்கி இறங்கியிருந்தால், வலி இல்லாத இந்த நாட்களிலேயே யூரிக் அமிலமும் சிறுநீரகமும் பரிசோதித்துக்கொள்ள அழைத்து வாருங்கள்.

கர்த்தருடைய ஊழியத்தில்,
ஆஸ்பத்திரி போதகர்