உங்களுக்குத் தெரியுமா? திருப்பதி எலிக்கு இங்கிலாந்து நெறி

சித்தூர் மாவட்டத்தோடு அப்போது சேர்ந்திருந்த திருப்பதியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1955இல் தொடங்கியது. அங்கே எலி ஆய்வுக்கு இன்று கேட்கப்படும் நெறிகளின் தொடக்கம் அதற்கு முந்தைய ஆண்டு: இங்கிலாந்தின் விலங்கு நலத்துக்கான பல்கலைக்கழகக் கூட்டமைப்பு, முப்பது வயதுகூட ஆகாத ஆய்வாளர் வில்லியம் ரஸ்ஸலுக்கு ஆய்வு நிதி கொடுத்துச் சோதனைக்கூட விலங்குகளின் நிலையை ஆராயச் சொன்னது. அந்த ஆய்வில் ரெக்ஸ் பர்ச் என்பவரும் சேர்ந்துகொண்டார். 1959இல் இருவரின் புத்தகம் வந்தது; அது சொன்ன நெறிகள் மூன்று: விலங்குக்கு மாற்று தேடு, எண்ணிக்கையைக் குறை, வலியைத் தணி. இன்று திருப்பதியிலோ சென்னையிலோ ஒரு மாணவர் ஆய்வுக்காக எலியைத் தொடுமுன் நெறிமுறைக் குழு கேட்பதும் இவற்றைத்தான். இந்தியா நான்காவதாக ஒன்றைச் சேர்த்தது: ஆய்வு முடிந்த விலங்குக்கு மறுவாழ்வு. (நல்ல சேர்க்கை, செலவு பிடிப்பதும் கூட!) மாணவர்களின் விலங்கு நல ஆய்வுகளுக்கு அந்த இங்கிலாந்துக் கூட்டமைப்பு தனியே உதவித்தொகையும் வழங்கிவருகிறது.