குறை இயர்போனிலா, திறன்பேசியிலா, காதிலா?

பெருவிரைவு ரயிலில் இன்று கம்பியில்லாக் கருவிகளே அதிகம் கண்ணில் படுகின்றன. ஆனாலும் இசையை நுணுக்கமாகக் கேட்க விரும்புகிறவர்கள், காதினுள் ஆழமாகப் பொருத்தும் கம்பி இயர்போன்களை விடுவதாக இல்லை. மேடைப் பாடகர்கள் தங்கள் குரலைத் தாங்களே கேட்பதற்காக மாட்டிக்கொள்ளும் ரகம் இது. கடைக்காரர்கள் 'ஐஇஎம்' என்பார்கள். அமெரிக்காவின் எட்டிமோட்டிக் நிறுவனம் 1991-ல் ஈஆர்-4 என்ற இயர்போனை வெளியிட்டபோது இது நிபுணர்களின் பொருளாக இருந்தது. இன்று சில நூறு வெள்ளியிலிருந்து சில ஆயிரம் வெள்ளி வரை விலை போகிறது. வாங்குவோரில் மாணவர்களும் உண்டு.

சிக்கல் வாங்கிய பிறகுதான் தொடங்குகிறது. பாடகரின் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. ஒரு பக்கம் சத்தம் குறைகிறது. பாட்டு நின்ற பிறகும் 'உஸ்' என்ற இரைச்சல் கேட்கிறது. பதறிப்போய்க் கடைக்கு எடுத்துச் சென்றால், அங்கே வேறு ஒரு கருவியில் மாட்டிப் பார்க்கிறார்கள், அருமையாகப் பாடுகிறது! கடைக்காரர் கையை விரிக்கிறார். வாங்கியவர் அதே இயர்போனோடு வீட்டுக்குத் திரும்பி, அதே கோளாறை மறுபடி கேட்கிறார். சிலர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று வாங்குகிறார்கள். புதியதும் அப்படியே இருக்கிறது.

காரணம் எளியது. பாட்டு நம் மூளையை எட்டுவதற்குள் ஒலிக்கோப்பு, திறன்பேசி, இணைப்புத் துண்டு, கம்பி, இயர்போன், காது என்று ஆறு படிகளைக் கடக்கிறது. அதில் எது பழுதானாலும் பழி விழுவது இயர்போன் மேல்தான். ஆகவே ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றிப் பார்க்காமல், ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதே முறை.

பழைய பாட்டு நல்ல சோதனைக் கருவி

குரல் காணாமல் போகும் கோளாறை முதலில் எடுத்துக்கொள்வோம். அதிகம் பேரைக் குழப்புவது அதுதான். 3.5 மில்லிமீட்டர் செருகியை உற்றுப் பார்த்தால் கறுப்பு வளையங்கள் தெரியும். ஒலிவாங்கியும் சேர்ந்த இயர்போனில் மூன்று வளையங்கள், நான்கு உலோகப் பகுதிகள். நுனி இடது காதுக்கு, அடுத்தது வலது காதுக்கு, மூன்றாவது இரண்டுக்கும் பொதுவாக மின்சாரம் திரும்பும் வழி, நான்காவது ஒலிவாங்கிக்கு. இன்று பெரும்பாலான கருவிகள் பின்பற்றும் வரிசை இது. முன்பு கடைசி இரண்டும் இடம் மாறிய இன்னொரு முறையும் புழக்கத்தில் இருந்தது. அந்தப் பழைய வகை இயர்போனைப் புதிய கருவியில் செருகினால் பொதுவழி அறுந்துவிடும்.

பொதுவழி அறுந்தால் என்ன ஆகும்? இடது பக்கமும் வலது பக்கமும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும். இரண்டிலும் சமமாக இருக்கும் ஒலி அடிபட்டுப் போகும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் மிஞ்சும். ஸ்டீரியோ பாடல்களில் பாடகரின் குரலும் கனத்த தாளமும் பெரும்பாலும் நடுவில், அதாவது இரு பக்கமும் சமமாகவே வைக்கப்படுகின்றன. எனவே குரல் மறைந்து, ஓரத்தில் இருந்த வயலினும் எதிரொலியும் மட்டும் மிதந்து வரும். கேரவோக்கே போல இருக்கிறது என்று சிலர் சொல்வது மிகச் சரியான வர்ணனை.

இதைக் கண்டுபிடிக்கப் பழைய திரைப்பாடல் ஒன்று போதும். ஐம்பது, அறுபதுகளின் தமிழ்ப் பாடல்கள் ஒற்றைத் தட ஒலிப்பதிவில் வந்தவை. இளையராஜா இசையில், சிங்கப்பூரிலும் படமாக்கப்பட்ட 'பிரியா' 1978-ல் வந்தபோதுகூட ஸ்டீரியோ ஒலிப்பதிவு தமிழ்த் திரையிசைக்குப் புதிது. ஒற்றைத் தடப் பாடலில் இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசமே கிடையாது. ஆகவே பொதுவழி அறுந்த இயர்போனில் அந்தப் பாட்டு ஏறக்குறைய ஊமையாகிவிடும்! புதுப் பாட்டு விசித்திரமாகவும் பழைய பாட்டு மௌனமாகவும் இருந்தால், குறை செருகும் இடத்தில்தான். (பின்னாளில் எதிரொலி சேர்த்து மெருகேற்றிய பதிப்புகள் இந்தச் சோதனைக்கு உதவா.) இயர்போனில் அழைப்புப் பொத்தான் இருந்தால் அதை அழுத்திப் பிடித்துப் பார்க்கலாம். பிடித்திருக்கும் வரை குரல் திரும்பி வந்தால், வளைய வரிசை ஒத்துப்போகவில்லை என்று பொருள். சில வெள்ளிக்கு விற்கும் மாற்று இணைப்பே அதற்கு மருந்து. இயர்போனை மாற்றத் தேவையில்லை.

வரிசை சரியாக இருந்தும் இதே கோளாறு வருவதுண்டு. செருகி முழுமையாக உள்ளே போகாவிட்டாலும் பொதுவழி தவறிவிடும். தடித்த உறை போட்ட திறன்பேசிகளில் இது சகஜம். உறையைக் கழற்றிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. சட்டைப் பையில் கிடக்கும் திறன்பேசியின் துளைக்குள் பஞ்சும் தூசியும் அடைந்து, செருகும்போதெல்லாம் இறுகிவிடுவதும் உண்டு. கருவியை அணைத்துவிட்டு, மரத்தாலான பல்குச்சியால் மெல்லக் கிளறினால் வெளியே வரும் அழுக்கு வியப்பைத் தரும். ஊசி, கொண்டை ஊசி வேண்டாம்.

அதே பழைய பாட்டு இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். குரல் தலைக்கு நட்ட நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்தால் இரு பக்கமும் சமமில்லை. நடுவிலும் நிற்காமல், பக்கத்திலும் போகாமல், தலைக்கு வெளியே பரவி, அடித்தளச் சத்தமும் மெலிந்திருந்தால், ஒரு பக்கக் கம்பி தலைகீழாக மாட்டப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. விலை உயர்ந்த இயர்போன்களில் கம்பியைக் கழற்றி மாட்டலாம். அதில் 0.78 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரு ஊசிகள் கொண்ட வகையில், பல மாதிரிகளைத் திருப்பிச் செருகினாலும் உள்ளே போய்விடும். அப்போது ஒரு பக்கம் தள்ளும் நேரத்தில் மறுபக்கம் இழுக்கும். ஒரு பக்கத்தை மட்டும் திருப்பி மாட்டினால் சரியாகிவிடும்.

இணைப்புத் துண்டு என்னும் நடுவர்

ஐபோன் 7, 2016 செப்டம்பரில் ஜேக் துளை இல்லாமல் வெளிவந்தது. சாம்சுங்கின் கேலக்ஸி நோட் 10, 2019-ல் அதே வழியில் போனது. அதன் பிறகு கம்பி இயர்போன் வைத்திருப்போருக்கு இணைப்புத் துண்டு தேவைப்பட்டது. பார்க்க எல்லாம் ஒரே மாதிரி ஒரு சாண் கம்பிதான். உள்ளே இருப்பது வேறு. சிலவற்றில் இலக்கத் தகவலை ஒலி மின்னலையாக மாற்றும் சில்லு இருக்கிறது. சிலவற்றில் வெறும் கம்பி மட்டுமே. யுஎஸ்பி-சி துளை வழியே மின்னலையை நேரடியாகத் தராத திறன்பேசியில் வெறும் கம்பித் துண்டு வேலையே செய்யாது. வாங்கும்போது சில்லு உள்ளதா என்று கேட்பது நல்லது.

சில்லு உள்ளவற்றிலும் விசித்திரங்கள் உண்டு. ஆப்பிளின் யுஎஸ்பி-சி துண்டு விலைக்கு மிகத் தரமானது என்று ஒலி ஆர்வலர்கள் புகழ்வார்கள். ஆனால் அதைப் பல ஆண்ட்ராய்ட் திறன்பேசிகளில் செருகினால், ஒலியளவை உச்சத்தில் வைத்தும் சத்தம் பலவீனமாகவே வரும். துண்டின் உள்ளிருக்கும் ஒலியளவுக் கட்டுப்பாட்டைத் திறன்பேசி முழுமையாகத் திறந்துவிடாததே காரணம். இயர்போன் 'செத்துவிட்டது' என்று முடிவு கட்டுவதற்கு முன் வேறொரு துண்டில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

பாட்டு முழுக்கத் தெளிவாகவே இருந்து, ஆனால் ஒரு கருவியில் கனமாகவும் இன்னொரு கருவியில் கீச்சென்றும் கேட்டால், அங்கே மின்தடைக் கணக்கு விளையாடுகிறது. ஒரு சிறு கூட்டுக்குள் நான்கைந்து ஒலிப்பான்களை அடைத்த இயர்போன்களின் மின்தடை மிகக் குறைவு. ஷுவர் எஸ்இ846-க்கு 9 ஓம் என்று குறித்திருப்பார்கள். அந்த எண்ணும் எல்லாச் சுருதிக்கும் ஒன்றாக இருப்பதில்லை. ஓரிடத்தில் 8 ஓம், இன்னோரிடத்தில் 40 ஓம் உள்ள இயர்போன் ஒன்றைக் கற்பனை செய்து பார்ப்போம். ஒலி தரும் கருவியின் சொந்த மின்தடை 10 ஓம் என்றால், அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே 5 டெசிபல் வித்தியாசம் தானாக வந்துவிடும். கருவியின் மின்தடை 1 ஓம் ஆக இருந்தால் வித்தியாசம் 1 டெசிபலுக்கும் குறைவு. இயர்போனின் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் கருவியின் மின்தடை போகக்கூடாது என்று ஆர்வலர்கள் சொல்வது இதனால்தான். கடையில் இனித்த இயர்போன் வீட்டில் கசப்பதற்குப் பெரும்பாலும் இதுவே விளக்கம். யாரும் ஏமாற்றவில்லை.

'உஸ்' இரைச்சலுக்கும் இந்த நுண்ணுணர்வே காரணம். பாட்டை நிறுத்திப் பார்க்க வேண்டும். இரைச்சலும் நின்றுவிட்டால் அது பழைய ஒலிநாடாவின் இரைச்சலாக இருக்கலாம். இருபது வெள்ளி இயர்போன் மறைத்ததை இது காட்டுகிறது. சில விநாடி தொடர்ந்துவிட்டு நின்றால், திறன்பேசியின் பெருக்கிச் சில்லு உறங்கப் போகிறது என்று பொருள். மின்னேற்றம் செய்யும்போது மட்டும் 'ம்ம்' என்று கேட்டால் மின்னேற்றியைக் கழற்றிப் பார்க்கலாம். விமானப் பயண நிலைக்கு மாற்றியதும் 'டிக் டிக்' சத்தம் போய்விட்டால், மலிவான இணைப்புத் துண்டு திறன்பேசியின் வானலையை வாங்கிக்கொள்கிறது. அழைப்பு வருவதற்கு முன்பே வானொலிப் பெட்டி 'டிட்-டிடிட்' என்று அலறிய காலம் பலருக்கு நினைவிருக்கும். சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017 ஏப்ரலில் நிறுத்தப்பட்ட பிறகு அது இங்கு ஓய்ந்தது; அதன் தம்பிகள் இன்னும் இருக்கிறார்கள்.

அமைப்புகளையும் மறக்கலாகாது. திறன்பேசியின் உதவி அமைப்புகளில் இடது வலது சமநிலைக் கோடு ஒன்று உண்டு. பிள்ளைகள் விளையாட்டாகத் தொட்டு நகர்த்தியிருப்பார்கள். ஒற்றைத் தட ஒலிக்கான பொத்தானும் அங்கேதான்.

ஒரு பக்கம் மட்டும் மங்கினால்

நம் ஊர் வானிலை இயர்போனுக்கு ஏற்றதல்ல. ஈரமான காதின் வெப்பமும் குளிர்சாதன அறையின் குளிரும் சேர்ந்து, இயர்போனின் குறுகிய மூக்கில் நீர்த்துளி படிகிறது. ஒரு பக்கம் திடீரென்று அடங்கி, மேசையில் ஓர் இரவு கிடந்ததும் மறுநாள் சரியாகிவிட்டால் அது நீர்த்துளிதான். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு டப்பாவில் வைத்தால் போதும். ஈரம் இல்லையென்றால் மூக்கின் நுனி வலையில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று விளக்கடியில் பார்க்க வேண்டும். மாற்று வடிகட்டிகள் பல இயர்போன்களோடே வரும். இரண்டு பக்கமும் அடித்தளச் சத்தம் இல்லையென்றால், காதில் பொருந்தும் ரப்பர் முனை சிறியது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். காற்றுப் புகுந்தால் கனத்த சத்தம் கசிந்துவிடும். இரு காதுக்கும் வெவ்வேறு அளவு தேவைப்படுவோரும் உண்டு.

இனி எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை. இடது இயர்போனை வலது காதிலும், வலதை இடது காதிலும் மாற்றிப் பொருத்த வேண்டும். மங்கல் இயர்போனோடு சேர்ந்து மறுகாதுக்குப் போனால் குறை கருவியில். அதன் பிறகு கம்பியை மட்டும் இடம் மாற்றினால், கம்பியா இயர்போனா என்பதும் தெரிந்துவிடும். ஆனால் எந்த இயர்போனை வைத்தாலும் அதே காதுதான் மங்கலாகக் கேட்கிறதா? அப்படியானால் குறை காதில்.

பெரும்பாலும் அது குறும்பி அடைப்பாகவே இருக்கும். ஆழமாகப் பொருத்தும் இயர்போன் அதை இன்னும் உள்ளே தள்ளிவிடும். பஞ்சுக் குச்சியால் குடைவதும் அதே வேலையைத்தான் செய்யும். மருத்துவரிடம் காட்டுவதே சரி. ஆனால் ஓரிரு நாளில் ஒரு காது திடீரென மங்கி, இரைச்சலோ தலைசுற்றலோ சேர்ந்து வந்தால் அது உட்செவியைத் தாக்கும் திடீர்ச் செவித்திறன் இழப்பாக இருக்கலாம். ஸ்டீராய்டு சிகிச்சை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். இயர்போன் பழுது என்று நினைத்துக் கடைக்கும் வீட்டுக்கும் அலைந்து அந்த நாட்களைக் கழித்துவிடக்கூடாது. அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சத்தம் போதவில்லை என்று ஒலியளவைக் கூட்டிக்கொண்டே போவோருக்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-ல் வெளியிட்ட தரநிலைப்படி, பெரியவர்கள் வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் கேட்கலாம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 89 டெசிபலுக்கு ஐந்து மணி நேரமே. சரியான ரப்பர் முனை ரயில் இரைச்சலைத் தடுத்துவிட்டால், ஒலியளவைக் கூட்டவே தோன்றாது.

இத்தனைக்கும் பிறகு குறை இயர்போனில்தான் என்று உறுதியானால் உரிமையைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள, 'லெமன் சட்டம்' என்று அழைக்கப்படும் விதிகளின்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, பொருளைத் தரும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று மெய்ப்பிக்க வேண்டியது விற்றவர் பொறுப்பு. முதலில் பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேட்கலாம். மலேசியாவில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளைப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குக் கொண்டு போகலாம். கடைக்குப் போகும்போது ரசீதோடு சொந்தத் திறன்பேசியையும், இணைப்புத் துண்டையும், கோளாறு தெளிவாகக் கேட்கும் அந்த ஒரு பாட்டையும் கொண்டு போக வேண்டும். இரு பக்கக் கம்பியையும் கடைக்காரர் கண்ணெதிரிலேயே இடம் மாற்றிக் காட்டினால், பேச்சு சுருக்கமாக முடிந்துவிடும்.